தாழ்ப்பாள் பக்கத்துத் தூசு

மருதாசலம் அறுக்கும் பழைய கதவுகளின் தூசு பேசத் தொடங்கிய அதே வருஷத்தில்தான் வாய்க்கால் மேட்டு வீதிக்கு மினி பஸ் விட்டார்கள். இரண்டையும் வீதிக்காரர்கள் ஒரே மாதிரிதான் எடுத்துக்கொண்டார்கள். முதல் வாரம் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்கள், இரண்டாம் வாரம் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொண்டார்கள், மூன்றாம் வாரம் பத்து நிமிஷம் தாமதமானாலும் முணுமுணுத்தார்கள்.

கோயமுத்தூருக்குக் கிழக்கே, மூடிப்போன மில்களின் புகைக்கூண்டுகள் மட்டும் நின்றுகொண்டிருக்கிற பக்கத்தில் இருந்தது அந்த வீதி. மருதாசலம் ஒரு மில்லில் முப்பது வருஷம் மர வேலை பார்த்தவர். மில் மூடியபிறகு, வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே பத்துக்குப் பதினாலடியில் தகரக் கொட்டகை போட்டு, அதில் ஒரு ரம்ப மேஜையும் ஒரு இழைப்பு மெஷினும் வைத்துக்கொண்டார். ரோட்டை அகலப்படுத்த இடித்த வீடுகளின் கதவுகளை வாங்கிவந்து, அறுத்து, முக்காலியும் பூஜை அலமாரியுமாகச் செய்துகொண்டிருந்தார். ஒருநாள் காலை பத்தரை மணிக்கு ஒரு தேக்குக் கதவின் ஓரத்தை அறுத்து ரம்பத்தை நிறுத்தியபோது, வெண்டிலேட்டர் வழியாக விழுந்த வெயில் பட்டையில் தூசு தங்கமாக மிதந்தது. அந்தத் தூசுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், "பால் பொங்குது, யாராச்சும் வந்து எறக்குங்களேன்" என்றது.

சமையல்கட்டிலிருந்த வசந்தாமணி ஓடிப்போய் அடுப்பைப் பார்த்தாள். அடுப்பில் ஒன்றுமில்லை.

"நம்ம பால் இல்ல, வசந்தா," என்று கொட்டகையிலிருந்து மருதாசலம் சொன்னார். "கதவு பேசுது."

"சரிங்க," என்றாள் வசந்தாமணி, திரும்பிப்போய் வெங்காயம் உரித்தாள்.

அதன்பிறகு வீதி அதைத் தன் வழக்கங்களுக்குள் சேர்த்துக்கொண்டது. தூசு மிதக்கும்வரைதான் குரல் இருக்கும், தூசு இறங்க இறங்கக் குரலும் இறங்கும், கடைசி வார்த்தைகள் தரையோரமாகத்தான் கேட்கும் என்று தெரிந்துகொண்டபிறகு, பெரியவர்கள் குனிந்தும் குழந்தைகள் குப்புறப் படுத்தும் கேட்டார்கள். தும்மல் வருபவர்கள் முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும் என்று சட்டம் வந்தது. மின்விசிறி போடக் கூடாது என்றும் வந்தது. பிளைவுட்டை அறுத்தால் பேச்சே வராது, ஃபிரிட்ஜ் ஓடுவதுபோல ஒரு முனகல் மட்டும் வரும் என்பதையும், கையில் அள்ளக்கூடிய பெரிய தூள் ஊமை, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மிதக்கிற மெல்லிய தூசுதான் பேசும் என்பதையும் சின்னக் குழந்தைகூடச் சொல்லும். ஊமைத் தூளைக் கோழி வளர்ப்பவர்கள் சாக்கில் அள்ளிப்போனார்கள்.

கதவின் எந்த இடத்தில் எது தங்கும் என்பதையும் மெல்ல மெல்லக் கண்டுபிடித்தார்கள். கீல் பக்கத்து மரத்தில் சண்டைகள் தங்கும், கீழ்ப்பலகையில் தவழ்கிற பிள்ளைகளும் பூனைகளும், மேல்சட்டத்தில் பல்லிச் சத்தம், தாழ்ப்பாள் பக்கத்தில் மட்டும் எப்போதும் வெளியே போகிறவர்களும் அவர்களை அனுப்புகிறவர்களும். போய்ட்டு வரேன், பாத்துப் போ, சாவி எடுத்தாச்சா, குடை எடுத்தாச்சா என்று தாழ்ப்பாள் பக்கத்துத் தூசு இரைச்சலாக இருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே வார்த்தைகள்தான், ஆனால் அவரவர் வீட்டுக் கதவென்றால் அவரவருக்கு அழுகை வந்துவிடும்.

இடிபட்ட வீட்டுக்காரர்கள் தங்கள் கதவுகளைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார்கள். ரிட்டயரான கனகமணி டீச்சர் தன் பழைய வீட்டு ஜன்னலைச் சட்டம் சட்டமாகப் பிரித்து வைத்துக்கொண்டு மாசத்துக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தாள். செத்துப்போன கணவர் ஜன்னலோரம் நின்று தொண்டையைச் செருமுவது மட்டும்தான் அதில் கேட்கும், அதைக் கேட்டுவிட்டு "வரேன் வசந்தா" என்று போய்விடுவாள். பேக்கரி துரைசாமி தன் அம்மாவின் குரல் கேட்க வேண்டும் என்று கதவோடு வந்தான். அவன் அம்மாவைத் திட்டுகிற குரல்தான் கதவு முழுக்க இருந்தது, கீல் பக்கம், தாழ்ப்பாள் பக்கம், எங்கும். நாலு நாள் பேக்கரி திறக்கவில்லை. திறந்தபிறகு, பன் வாங்க வருகிற நாலு வயசுப் பிள்ளையைக்கூட "சொல்லுங்க, என்ன வேணுங்க" என்று கேட்கிறவனாக மாறியிருந்தான்.

இப்படி இரண்டு வருஷம் போயிற்று. அந்த இரண்டு வருஷமும் கொட்டகையின் மூலையில், சாக்குப் போட்டு மூடி, சுவரில் சாய்ந்து ஒரு வேப்ப மரக் கதவு நின்றது. வீதியில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. மருதாசலமும் அதைத் தொடவில்லை. வசந்தாமணி மட்டும் கொட்டகையைக் கூட்டும்போது அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டுவாள்.

மருதாசலத்தின் இருமலை முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். பதினெட்டு வருஷம் மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் பக்கம் வேலை பார்த்தவள், பஞ்சுத் தூசு புகுந்த நெஞ்சு எப்படிச் சத்தம் போடும் என்று அவளுக்குத் தெரியும். விடிகாலையில் அவர் முதுகில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே யாரோ காகிதம் கசக்குவதுபோல இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நெஞ்சு டாக்டரம்மா ஒரு குழாயில் ஊதச் சொன்னார், படம் எடுத்தார், படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கண்ணுக்குத் தெரியற தூசு பரவாயில்லைங்க," என்றார் பிறகு. "அது மூக்கிலயே நின்னுரும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தூசு இருக்கு பாருங்க, அதுதான் அடி நெஞ்சுவரைக்கும் போகுது. ஒண்ணு வேலையை விடணும், இல்லைன்னா தூசைப் பிடிக்கணும். மாஸ்க் போடறீங்களா?"

"போட்டா கண்ணாடியில ஆவி படியுதுங்க," என்றார் மருதாசலம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சிங்காநல்லூர் தாண்டியதும் கேட்டார்.

"டாக்டரம்மா சொன்னது பேசற தூசத்தான், இல்ல?"

"ஆமாங்க."

"ஊமைத் தூளு ஒண்ணும் பண்ணாது."

"ஆமாங்க."

"வேலையை விட முடியாது வசந்தா. கை ரெண்டையும் மடியில வெச்சுட்டு என்னால உக்கார முடியாது." அவள் பக்கம் திரும்பி, "மெஷின் ஏதாச்சும் பாரு. மில்லுல நீ பாத்திருக்கற, எனக்கு அது புரியாது," என்றார்.

அப்படித்தான் தூசு பிடிக்கிற மெஷினைத் தேர்ந்தெடுக்கிற பொறுப்பு வசந்தாமணியிடம் வந்தது. அதை அவள் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைப்போல விசாரித்து விசாரித்துச் செய்தாள், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வேலை அவளுக்கு வாய்க்கவில்லை. கணபதிப் பக்கம் தகரப் பட்டறை வைத்திருந்த ஜெபராஜைப் பார்க்கப் போனாள். அவன் மில்களுக்குக் காற்றுக்குழாய் அடித்துக் கொடுத்தவன், மில்கள் போனபிறகு மரப் பட்டறைகளுக்கு அடித்துக் கொடுக்கிறான். தினசரிக் காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் கொட்டகையின் நீளம், அகலம், ரம்பத்திலிருந்து சுவர் எத்தனை அடி, இழைப்பு மெஷினிலிருந்து எத்தனை அடி, கதவு எந்தப் பக்கம் என்று எல்லாம் வரைந்து எடுத்துப்போயிருந்தாள்.

ஜெபராஜ் தாளைப் பார்த்துவிட்டு அவளுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டான். "இன்ஜினியருங்ககூட இப்படிக் கொண்டுவர மாட்டாங்க அக்கா. முதல்ல சொல்லுங்க, வீட்டுக்கு வாங்கற வேக்குவம் மாதிரிச் சின்னது போதும்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"மரத்தைத் தேய்க்கற சாண்டருக்கு மட்டும்னா போதும். அது ஒல்லிக் குழாய், நல்லா இழுக்கும், ஆனா கொஞ்சமாத்தான் இழுக்கும். இழைப்பு மெஷின் துப்பற சீவலுக்கு ரெண்டே நிமிஷத்துல தொண்டை அடைச்சுக்கும். அடுத்தது இந்த துணிப்பை மெஷின். விசிறி இழுத்துத் துணிப்பைக்குள்ள தள்ளும். எல்லாரும் இதுதான் வாங்கறாங்க. கைக்கு அடக்கம்."

"துணிப்பையில பெருசு நிக்கும், சின்னது துணி வழியா வெளிய வந்துரும் தம்பி. இட்லித் துணியில ஆவி வர்ற மாதிரி வரும். மில்லுல நான் அதத்தான் தின்னேன்."

ஜெபராஜ் சிரித்தான். "அப்போ உங்களுக்கு சைக்ளோன்தான். கூம்பு மாதிரி இருக்கும், காத்து உள்ள போய்ச் சுத்தும், கனமான தூள் சுவத்துல மோதிக் கீழ ட்ரம்முல விழுந்துரும். மிச்சம் இருக்கற மெல்லிசு மேல மடிப்பு ஃபில்டருக்குப் போகும். அந்த ஃபில்டர்ல நல்லது போட்டா, அந்தப் பக்கம் வர்ற காத்துல ஒண்ணுமே இருக்காது. ஒண்ணுமேன்னா ஒண்ணுமே." அவன் தாளில் விரலை ஓட்டினான். "குழாய் ஆறு அங்குலம் போடுவோம், நாலு வேண்டாம். வளைவு ரெண்டே ரெண்டு. எந்த மெஷின் ஓடுதோ அதுக்கு மட்டும் ஷட்டரைத் திறந்து விடணும். குழாய்க்கு எர்த் கம்பி சுத்திக் குடுத்தர்றேன், இல்லைன்னா தொட்டா சுள்ளுன்னு அடிக்கும். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிர்றேன் அக்கா, சத்தம் ஜாஸ்தி."

அவள் தலையாட்டினாள். எழுந்திருக்கும்போது ஜெபராஜ் தயங்கித் தயங்கிக் கேட்டான். "நீங்க வாய்க்கால் மேட்டு வீதிதானே? இதைப் போட்டா அங்க அப்புறம் ஒண்ணும் கேக்காதுங்க அக்கா."

"தெரியும் தம்பி," என்றாள் வசந்தாமணி. "அதுக்குத்தான் வந்தேன்."

அவள் சொன்னதில் பாதி அவள் கணவரின் நெஞ்சைப் பற்றியது. மீதிப் பாதியை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

செய்தி வீதிக்கு அவளுக்கு முன்னாலேயே வந்துசேர்ந்திருந்தது. அன்று சாயங்காலம் ஒன்பது பேர் வந்தார்கள், பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தாங்களே கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார்கள். மருதாசலத்தின் உடம்புதான் முக்கியம் என்று எல்லோரும் ஒருமுறை சொன்னார்கள். சொல்லி முடித்தபிறகு, துணிப்பை மெஷின் போதாதா என்று கேட்டார்கள்.

"பெரிய தூளு பைக்குள்ள போயிருது, பேசறது வெளிய நிக்குது," என்றார் ஒருவர். "ரெண்டு பேருக்கும் நல்லது."

"பேசறதுதானுங்க நெஞ்சுக்குள்ள போகுது," என்றாள் வசந்தாமணி.

"அப்போ ஃபில்டரே வேண்டாம், குழாயை நேரா வீதிப் பக்கம் விட்டுட்டா என்னங்க?" என்றான் பேக்கரி துரைசாமி. "கொட்டகையில தூசு நிக்காது. வாசல்ல உக்காந்து நாங்க கேட்டுக்கறோம்."

ஒரு கணம் எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பிறகு ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் வீட்டுக் கதவை நினைத்துப் பார்த்தார்கள், அதன் கீல் பக்கத்தை நினைத்துப் பார்த்தார்கள், அது மினி பஸ் நிற்கிற இடம்வரைக்கும் கேட்பதை நினைத்துப் பார்த்தார்கள். "வெளிய விட்டா காத்துல கலைஞ்சு போயிரும்," என்று ஒருவர் சொன்னார். "ஆமாமா, கலைஞ்சுரும்," என்று மற்றவர்கள் அவசரமாகச் சொன்னார்கள்.

கனகமணி டீச்சர் தன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "எங்கிட்ட இன்னும் மூணு சட்டம் இருக்குது வசந்தா," என்றாள். "இருக்கட்டும். அறுக்காம வெச்சிருந்தா உள்ளயே இருப்பாரு. நீ மெஷினைப் போடு." அவள் எழுந்து தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள். மற்றவர்களும் தங்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனார்கள்.

அவர்கள் போனபிறகு மருதாசலம் சொன்னார். "மெஷின் வெள்ளிக்கிழமை வருதுன்ன. வியாழக்கிழமை அந்தக் கதவ அறுத்துர்றேன்."

எந்தக் கதவு என்று அவள் கேட்கவில்லை.

அது மில் லைன் வீட்டின் கதவு. நாற்பது வீடுகள் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு வரிசையாக நின்ற அந்த லைனில், எந்த நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். முழு நைட் பார்த்தவர்கள் பகலில் தூங்குவார்கள், காலை ஷிப்ட்காரர்கள் பொழுது சாயும்போதே படுப்பார்கள். அதனால் அந்த லைனில் எல்லாத் தாழ்ப்பாள்களிலும் பழந்துணி சுற்றியிருக்கும். பாத்திரங்களைத் துணி விரித்துத்தான் கவிழ்ப்பார்கள். அங்கே பிறந்த பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே நுனிக்காலில் நடக்கப் பழகின, பேசப் பழகும்போதே உதட்டால் பேசப் பழகின. மருதாசலம் வருஷக்கணக்கில் முழு நைட் பார்த்தார். அவர்கள் மகள் யமுனா அந்த லைனிலேயே மிகவும் சத்தமில்லாத பிள்ளை என்று பெயர் வாங்கினாள். வசந்தாமணிக்கு அதில் பெருமை இருந்தது.

யமுனாவுக்குப் பதினோரு வயசில் ஒருநாள் காய்ச்சல் வந்தது. காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போன வசந்தாமணி மூன்று மணிக்குத் திரும்பிவந்தாள். முழு நைட் முடித்து வந்த மருதாசலம் உள்ளறையில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். யமுனா கதவுக்குப் பக்கத்தில் பாயில் படுத்திருந்தாள். நெற்றியில் தானே நனைத்துப் போட்டுக்கொண்ட துணி காய்ந்துபோயிருந்தது, அதற்குக் கீழே நெற்றி சில்லிட்டிருந்தது. இருபத்தாறு வருஷமாக இரண்டு பேரும் அந்த நாளைப் பற்றிப் பேசியதில்லை. லைன் வீடுகளை இடித்தபோது மருதாசலம் போய் அந்தக் கதவை மட்டும் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"எதுக்குங்க இப்ப," என்றாள் வசந்தாமணி.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்." அவர் அவளைப் பார்க்காமல் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அன்னிக்கு அவ என்னையக் கூப்பிட்டாளா? கூப்பிட்டு நான் முழிக்காம கெடந்தனா? அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

வசந்தாமணி உள்ளே போய் ஜெபராஜுக்குப் போன் பண்ணினாள். வெள்ளிக்கிழமை வேண்டாம், புதன்கிழமையே வந்து மாட்டிவிடு என்று கேட்டுக்கொண்டாள்.

ஜெபராஜ் புதன்கிழமை வந்தான். மூலையில் ஆளுயரத்துக்குக் கூம்பை நிறுத்தினான், அதன் கீழே ட்ரம்மை வைத்தான், பக்கத்தில் மடிப்பு மடிப்பான ஃபில்டரைப் பொருத்தி அதன் தலையில் ஒரு கைப்பிடியை மாட்டினான். "வாரம் ஒருக்கா இதைப் பத்துச் சுத்து சுத்துங்க அக்கா, மடிப்புல ஒட்டினதெல்லாம் உள்ளயே கீழ விழுந்துரும்," என்றான். ஸ்விட்சைப் போட்டான். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது, முருங்கைப் பூக்கள் உதிர்ந்தன, நாலு வீடு தள்ளி ஒரு நாய் குரைத்தது. ரம்பத்தில் ஒரு துண்டுப் பலகையைக் கொடுத்துப் பார்த்தார்கள். ரம்பத்தை நிறுத்திப் பார்த்தபோது, வெயில் பட்டை வெறும் வெயிலாக இருந்தது, கழுவிய கண்ணாடிபோல, அதில் மிதக்க ஒன்றுமில்லை. மருதாசலம் அதற்குள் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல மெஷினப்பா," என்றார்.

மறுநாள் வியாழக்கிழமை காலை பத்தரைக்கு அவர் சாக்கை எடுத்துப் போட்டுவிட்டு வேப்ப மரக் கதவைத் தூக்கி ரம்ப மேஜையில் கிடத்தினார். தாழ்ப்பாளைக் கழற்றினார். அதில் சுற்றியிருந்த துணி பிரிக்க வராமல் மரத்தோடு மரமாக ஒட்டியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லைதான், ஆனாலும் துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து பேர் வந்து நின்றிருந்தார்கள், டீச்சரும் பேக்கரி துரைசாமியும் முன்னால். வசந்தாமணி மெஷினின் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அது இருக்கட்டும்," என்றார் மருதாசலம்.

"டாக்டரம்மா சொன்னாங்களே."

"இன்னிக்கு ஒரு நாள், வசந்தா."

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

தாழ்ப்பாள் பக்கத்து ஓரத்தில் முதல் பட்டை அறுபட்டது. ரம்பம் நின்றதும் வெயிலில் தூசு எழுந்து நின்றது, மஞ்சளாக, கசப்பு வாசனையோடு, அதிலிருந்து மருதாசலத்தின் முப்பது வயசுக் குரல், "வரேன், டிபன் பாக்ஸ் எடுத்தாச்சு" என்றது, சைக்கிள் மணி அடித்தது, மழைக்குக் கதவு உப்பிவிட்டதென்று யாரோ காலால் தள்ளினார்கள். இரண்டாவது பட்டையை அறுத்தார். "சத்தம் போடாத அம்மிணி, அப்பா தூங்கறாரு" என்றது வசந்தாமணியின் குரல். அந்தக் குரல் அடங்குவதற்குள் அதே குரல் இன்னொரு வருஷத்திலிருந்து, "சத்தம் போடாத கண்ணு" என்றது. பிறகு இன்னொரு வருஷத்திலிருந்து, பிறகு இன்னொன்று, குழந்தை தவழ்ந்த காலத்திலிருந்து பள்ளிக்கூடம் போன காலம்வரைக்கும், செல்லமாக, கெஞ்சலாக, அதட்டலாக, அவசரமாக, மெதுவா, மெதுவா சாமி, மெதுவா, கொட்டகை முழுக்க அவள் குரலே நிறைந்து இறங்கியது. ஒவ்வொரு வார்த்தைக்கும் அடுத்து ஒரு சின்ன இடைவெளி இருந்தது. பதில் சொல்லப்பட்ட இடம் அது. உதட்டால் சொல்லப்பட்ட பதில்கள் மரத்தில் தங்கியிருக்கவில்லை.

துவைக்கிற கல்லுக்கு அப்பால் ஒருவரும் அசையவில்லை. வசந்தாமணி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். இதுதான் வரும் என்று அவளுக்கு இரண்டு வருஷமாகத் தெரியும், முதல் கதவு பேசிய அன்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோதே தெரியும்.

மூன்றாவது பட்டை.

"காயுதா? எங்க பாக்கட்டும். மாத்திரை போட்டுக்க கண்ணு, கஞ்சி அடுப்பு மேல இருக்குது." வளையல் சத்தம். மில் சங்கு தூரத்தில் ஊதியது. "எனக்கு சங்கு ஊதியாச்சு. அப்பா வந்து படுத்தா எழுப்பிராத அம்மிணி. முழு நைட்டு பாத்துட்டு வர்றாரு. என்ன ஆனாலும் எழுப்பிராத. நான் மூணு மணிக்கு வந்தர்றேன்."

இடைவெளி. துணி சுற்றிய தாழ்ப்பாள் மெத்தென்று விழுந்தது.

பிறகு ஒரு மனிதன் நிம்மதியாகத் தூங்குகிற சத்தம் வந்தது. குறட்டை ஏறியது, இறங்கியது, ஏறியது. தூசு மெல்ல இறங்கியது. மருதாசலம் அதோடு சேர்ந்து குனிந்தார், மண்டியிட்டார், அறுபத்தெட்டு வயசில் குழந்தைகள் படுப்பதைப்போலக் குப்புறப் படுத்துத் தரையில் காதை வைத்துக்கொண்டார். குறட்டையின் நடுவே எங்கேயாவது அப்பா என்று ஒரு சொல் வருமா என்று கேட்டார். ஒரு பல்லி கத்தியது. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரத்தைத் துணிமேல் கவிழ்த்தார்கள். கடைசித் தூசு தரையைத் தொடும்வரைக்கும் குறட்டை மட்டும்தான் இருந்தது.

அவர் எழுந்திருக்க நேரமாயிற்று. முழங்காலில் ஒட்டியதைத் தட்டாமல் நின்றார்.

"கூப்பிடல," என்றார்.

"இல்லீங்க," என்றாள் வசந்தாமணி. குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

அவர் கதவைப் பார்த்தார். நாலாவது பட்டையில் மூன்று மணி இருந்தது. கதவைத் திறந்துகொண்டு வந்த ஒரு பெண்ணின் அலறல் அதில் இருந்தது, லைன் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பிய அலறல், அவர் முழித்ததும் அதைக் கேட்டுத்தான். வெளியே நிற்பவர்களை ஒருமுறை பார்த்தார், சுவரோடு நிற்கிற அவளைப் பார்த்தார். பிறகு அவளைத் தாண்டிப் போய், தன் கையாலேயே மெஷினின் ஸ்விட்சைப் போட்டார். தகரம் அதிர்ந்தது. அந்த இரைச்சலுக்குள் நாலாவது பட்டையை அறுத்தார், ஐந்தாவதை அறுத்தார், கீல்வரைக்கும் கதவு முழுவதையும் அறுத்தார், தூசு எழுந்த இடத்திலேயே குழாய்க்குள் போயிற்று, வெயில் வெறும் வெயிலாக இருந்தது. வீதிக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள்.

எல்லாம் முடிந்து மெஷினை நிறுத்தியபிறகு அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "நல்ல புள்ள," என்றார். யாரைச் சொன்னார் என்று வசந்தாமணி கேட்டுக்கொள்ளவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தாள், அங்கேயும் அவளால் சத்தமாக அழ முடியவில்லை, பழக்கமில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் மருதாசலத்தின் இருமல் நின்றுபோனது. டாக்டரம்மா புதுப் படத்தைப் பார்த்துவிட்டு, நெஞ்சில் கெட்டது கெட்டதுதான், இனிமேல் மேற்கொண்டு கெடாது என்றார். வீதி மெஷினுக்கும் பழகிக்கொண்டது. முதல் வாரம் காதைப் பொத்திக்கொண்டார்கள், இரண்டாம் வாரம் அது ஓடும் நேரம் பார்த்துக் குழந்தைகளைத் தூங்கவைத்தார்கள், மூன்றாம் வாரம் ஜெபராஜை வழியில் பார்த்துச் சத்தத்தைக் குறைக்க வழியில்லையா என்று கேட்டார்கள். அவன் வந்தான்.

"உள்ளுக்குள்ள பஞ்சு வெச்சு ஒரு பெட்டி அடிச்சு மூடிரலாம் அக்கா. பாதிக்குப் பாதி கொறைஞ்சுரும்."

"வேண்டாம் தம்பி," என்றாள் வசந்தாமணி. "இந்த வீட்ல சத்தம் இருக்கட்டும்."

வேப்பம் பட்டைகளில் மருதாசலம் ஒரு குட்டை முக்காலி செய்தார். அது மெஷினுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வசந்தாமணி அதில் உட்கார்ந்து ஃபில்டரின் கைப்பிடியைப் பத்துச் சுற்று சுற்றுகிறாள். உள்ளே மடிப்புகளிலிருந்து மெல்லிய தூசு விடுபட்டு, யாருக்கும் கேட்காமல், வெளியே ஒரு துளியும் வராமல், சரசரவென்று கீழே இறங்குகிறது. சுற்றி முடித்ததும் கன்னத்தை ஃபில்டரோடு வைத்துக்கொள்வாள். பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போடுகிறவர்களுக்குக் கேட்கும், வாய்க்கால் தாண்டியும் கேட்கும், அவ்வளவு உரக்கப் பேசுவாள்.

"சத்தமாப் பேசு அம்மிணி. எவ்வளவு சத்தம் வேணும்னாலும் போடு. அப்பா முழிச்சுட்டுத்தான் இருக்காரு."

கொட்டகை வாசலில் நிற்கும் மருதாசலம், இருமல் நின்றுபோன அந்த நெஞ்சிலிருந்து, தான் முழித்திருப்பது உள்ளே இருப்பவளுக்குத் தெரியட்டும் என்று, ஒருமுறை இருமிக் காட்டுவார்.